தேடு பட்டனை ஒழித்த வரலாறு

வாடிக்கையாளரைத் தெய்வமாக மதிக்கும் நிறுவனங்கள் உலகில் பல இருக்கலாம். அந்தத் தெய்வத்துக்குத் தனி நாற்காலி போட்டு வைத்த நிறுவனம் எங்களுடையது ஒன்றுதான். எங்கள் கூட்ட அறையில் எல்லா நாற்காலிகளும் சாம்பல் நிறம். மேசையின் தலைப்பக்கத்தில் இருப்பது மட்டும் மஞ்சள். அதில் யாரும் உட்காரக் கூடாது, பை வைக்கக் கூடாது, கோட்டுகூட மாட்டக் கூடாது. அது வாடிக்கையாளருக்கு உரியது. எந்த முடிவை எடுத்தாலும் அந்த நாற்காலியைப் பார்த்து, "இதற்கு நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?" என்று பணிவோடு கேட்போம். அவர் இதுவரை எதற்கும் மறுப்புச் சொன்னதில்லை.

நாங்கள் செய்வது சலவைக்கடைகளுக்கான இணைய மென்பொருள். 'மென்பொருள்' என்பது என் பழைய வாய்ப்பழக்கம்; அதிகாரபூர்வமாக அது 'துணிக்கும் மனிதருக்கும் உள்ள உறவைப் புதுப்பிக்கும் தளம்'. அதன் முதல் வரியை எழுதியவன் நான். நான் எழுதிய காலத்தில், துணியில் தைத்திருக்கும் எண்ணைத் தட்டி 'தேடு' என்று அழுத்தினால் அது யாருடைய துணி என்று சொல்லும். சொல்லிவிட்டுச் சும்மா இருக்கும். அந்த இருண்ட காலத்தை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் முதல் வாடிக்கையாளர் என் அண்ணி. அண்ணன் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு, படுக்கை, வசவு எல்லாம். அண்ணி சலவைக்கடை வைத்திருக்கிறார். ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் நர்ஸ் சீருடைகள் மொத்தமும் அவர் கடைக்குத்தான் வரும். அந்த வேலை போனால் கடையில் மிஞ்சுவது இஸ்திரிப் பெட்டியின் சூடு மட்டும்தான். காலருக்கு உள்பக்கம் அழியாத மையால் பெயர் எழுதிக் காலம் தள்ளிக்கொண்டிருந்தவரை, "இந்தக் காலத்துல போய் மையா அண்ணி?" என்று கேலி செய்து, எண் அச்சிட்ட துணி வில்லைகளைத் தைக்க வைத்தவன் நான். அண்ணிக்கு அது பிடித்துப்போய்விட்டது. மைப் புட்டியைத் தூக்கிப் போட்டார். கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம், "எல்லாம் கம்ப்யூட்டருங்க, எங்க வீட்டுத் தம்பி செஞ்சது" என்று சொல்லிச் சொல்லி, தம்பிக்கு வயிறு நிறையத் தோசைக்குப் பதில் பெருமையைப் போட்டார்.

பிறகு நிறுவனத்துக்கு 'வளர்ச்சி' வந்தது. அதாவது வளர்ச்சித் துறைக்கு ஒருவர் வந்தார். கையில் எப்போதும் ஒரு வரைபடம், அதில் மேல்நோக்கி ஓர் அம்பு. நாங்கள் அவரை அம்புக்குறி என்றே அழைத்தோம். அவரும் அதைப் பட்டமாக எடுத்துக்கொண்டார். வந்த முதல் வாரமே அவர் ஓர் அபாயத்தைக் கண்டுபிடித்தார். கூட்டம் கூட்டப்பட்டது. நிறுவனத்தை ஆரம்பித்தவரும், 'தலைமை' என்று நாங்கள் பயபக்தியோடு சொல்பவருமானவர் மஞ்சள் நாற்காலிக்கு எதிரே அமர்ந்தார்.

"நம்ம தளத்துல ஒரு ஓட்டை இருக்கு" என்றார் அம்புக்குறி. "ஜனங்க உள்ள வர்றாங்க. இந்தத் தேடு பட்டனை அழுத்துறாங்க. அழுத்தின உடனே வெளியே போயிடுறாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, எல்லாருமே."

"அப்படி என்ன வெறுப்பு அந்தப் பட்டன் மேல?" என்றார் தலைமை கவலையோடு.

"தேடினது கிடைச்சிருக்கும் சார். அதான் போயிருப்பாங்க" என்றேன் நான்.

எல்லோரும் என்னை இரக்கத்தோடு பார்த்தார்கள். அம்புக்குறி தோளில் தட்டி, "கட்டினவங்களுக்கு அதும்மேல பாசம் இருக்கும். புரியுது. ஆனா டேட்டாவுக்குப் பாசம் கிடையாது" என்றார்.

வடிவமைப்பாளர் அம்மையாருக்கும் அந்தப் பட்டன்மேல் பழைய பகை உண்டு. அவருடைய கொள்கை வெற்றிடம். பக்கத்தில் எது இருந்தாலும் அதை எடுத்துவிட்டால் அழகாக இருக்கும் என்று நம்புகிறவர். "எனக்கும் ரொம்ப நாளா சந்தேகம்தான்" என்றார். "அந்தப் பட்டன் இருக்கிறதால பக்கத்துக்கு மூச்சு முட்டுது."

நாற்காலியிடம் கருத்துக் கேட்கப்பட்டது. ஆட்சேபணை இல்லை. தேடு பட்டன் நீக்கப்பட்டது. அதற்குப் பதிலாகக் கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருக்கும் ஒரு முடிவில்லாப் பட்டியல். எண் வரிசையிலா என்றால் அதுதான் இல்லை. எண் வரிசை பழசு. 'நீங்கள் விரும்பக்கூடிய சட்டைகள்' என்ற தலைப்பில், யார் எதை விரும்புவார்கள் என்று தளமே யோசித்துக் கொடுக்கும். அந்த யோசனையையும் நான்தான் எழுதினேன். நன்றாகவே எழுதினேன்.

வெளியிட்ட மறுநாளே வரைபடம் கூரையைத் தொட்டது. அதற்கு முன்னால் எங்கள் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் கடவுச்சொல்லை மறந்தவர்கள். மீதிப் பேர் வந்து நிமிஷத்தில் போகிறவர்கள். இப்போதோ ஒரு வாடிக்கையாளர் காலையில் நுழைந்தவர் மத்தியானம்வரை வெளியேறவே இல்லை. இழுத்துக்கொண்டே இருக்கிறார். இழுப்பதில் ஒரு வேகம், ஒரு வெறி. "இதுக்குப் பேர்தான் ஈடுபாடு" என்றார் அம்புக்குறி. அவர் கண் கலங்கிவிட்டது. கேக் வரவழைக்கப்பட்டது.

கேக்கைச் சுற்றிக் கூடியிருந்தபோது என் பையில் தொலைபேசி துடித்தது. அண்ணி. நான் எடுக்கவில்லை. வாடிக்கையாளரைக் குறித்த கூட்டத்தில் வாடிக்கையாளரின் அழைப்பை எடுக்கக் கூடாது என்பது எங்கள் விதி, கவனம் சிதறும். மறுபடி துடித்தது. மறுபடியும். பிறகு நின்றுவிட்டது. அண்ணியின் கோபத்தில் பயப்பட வேண்டிய கட்டம் அது நின்றுபோகிற கட்டம்தான்.

கேக்கை வெட்டி முடிப்பதற்குள் கதவு திறந்தது. அண்ணி வந்தார். இடுப்பில் ஒரு பெரிய துணி மூட்டை. நேரே நடந்துவந்து, காலியாக இருந்த ஒரே நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மஞ்சள் நாற்காலி கிறீச்சிட்டது. அதற்கு ஆள் உட்கார்ந்து பழக்கமில்லை.

வடிவமைப்பாளர் வாயைப் பொத்திக்கொண்டார். அம்புக்குறிதான் முதலில் சுதாரித்தார்.

"அம்மா, கொஞ்சம் எழுந்திருங்க. அது வாடிக்கையாளரோட நாற்காலி."

"நான் வாடிக்கையாளர்தான்."

"நீங்க ஒரு வாடிக்கையாளர், இல்லைன்னு சொல்லல. இது பொதுவா, வாடிக்கையாளர்ங்கிறவருக்காக வெச்சிருக்கோம்."

"அவர் எப்ப வருவார்?"

"வர மாட்டார்."

"அப்ப வர்ற வரைக்கும் நான் இருக்கேன்" என்று அண்ணி மூட்டையை மேசைமேல் வைத்தார். கேக் ஓரமாக நசுங்கியது. "தம்பி, அந்த மூலையில ஒளிஞ்சு நிக்காதே, உன்னை நான் பார்த்துட்டேன்."

நான் ஒளிந்து நிற்கவில்லை. இடமில்லாததால் அலமாரிக்குப் பின்னால் நின்றிருந்தேன்.

"இதோ பாருங்க" என்று அண்ணி மூட்டையைப் பிரித்தார். வெள்ளைச் சட்டைகள், எல்லாம் ஒன்றுபோல. "நேத்து உங்க தேடு பட்டனைக் காணோம். சரி, கண்ணை மூடிக்கிட்டுப் பிரிச்சு அனுப்பிட்டேன். ஒல்லியா ஒரு பொண்ணு, இன்னொருத்தரோட சட்டைக்குள்ள கூடாரம் அடிச்ச மாதிரி வேலை பார்த்திருக்கா. ஒருத்தருக்குக் கை உள்ள போனது வெளியே வரல. பெரிய நர்ஸம்மா மொத்தத்தையும் திருப்பி அனுப்பிட்டாங்க. இன்னைக்குச் சாயங்காலம் ஷிப்ட் மாறுறதுக்குள்ள அவங்கவங்க சட்டை அவங்கவங்ககிட்ட இருக்கணுமாம். இல்லேன்னா நாளையிலேருந்து வேற கடையாம். நான் காலையிலேருந்து உருட்டுறேன், உருட்டுறேன், விரல் தேஞ்சதுதான் மிச்சம்."

அம்புக்குறி மெல்ல எழுந்தார். "காலையிலேருந்தா?"

"கடையைத் திறந்ததிலேருந்து."

"நடுவுல நிறுத்தவே இல்லையா?"

"எங்க நிறுத்துறது? முடிஞ்சாத்தானே?"

"அந்த வாடிக்கையாளர் இவங்கதான்!" என்று கூவினார் அம்புக்குறி. எல்லோரும் கைதட்டினார்கள். தலைமை எழுந்துவந்து அண்ணியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். வடிவமைப்பாளர் கேக்கின் நசுங்காத பக்கத்தை நீட்டினார். அண்ணி என்னைப் பார்த்தார். வீட்டில் பால் பொங்கி வழியும்போது பார்க்கிற பார்வை அது.

"பட்டனைத் திருப்பி வெச்சுக் கொடுங்க. நான் போகணும்."

"கண்டிப்பா வைக்கலாம்மா" என்றார் தலைமை. "பட்டன் வைக்கிறது பெரிய விஷயமே இல்லை. எந்தக் காலாண்டுல வைக்கிறதுங்கிறதுதான் விஷயம்."

"காலாண்டா? நான் சாயங்காலம்கிறேன்!"

"உங்க ஆதங்கத்தைக் குறிச்சுக்கிட்டோம்" என்றார் அம்புக்குறி. உண்மையிலேயே குறித்துக்கொண்டார். 'உணர்ச்சிப் பிணைப்பு: மிக அதிகம்' என்று எழுதியதை நான் பார்த்தேன்.

அண்ணி கேக்கைத் தொடவில்லை. சட்டைகளை அள்ளி மூட்டையாகக் கட்டினார். அதைப் பார்த்த பிறகு என்னால் அங்கே நிற்க முடியவில்லை. "சார், நான் வாடிக்கையாளர் கூடவே போய்க் கள ஆய்வு செஞ்சுட்டு வரட்டுமா?" என்று கேட்டேன். கள ஆய்வுக்கு எங்கள் நிறுவனத்தில் நல்ல மரியாதை உண்டு; யாரும் இதுவரை போனதில்லை. உடனே அனுமதி கிடைத்தது.

கடையில், வெள்ளைக் குன்றுக்கு நடுவே ஒரு முக்காலியைப் போட்டு அண்ணி என்னை உட்கார வைத்தார். டீ போட்டு வைத்தார். அவர் எவ்வளவு கோபத்திலும் டீயில் சர்க்கரையைக் குறைக்க மாட்டார். நான் நீக்கிய வரிகளைத் திரும்பச் சேர்த்தேன். டீ ஆறுவதற்குள் வேலை முடிந்துவிட்டது.

"தட்டுங்க அண்ணி."

அண்ணி முதல் சட்டையின் எண்ணைத் தட்டினார். பெயர் வந்தது, வார்டு வந்தது. அடுத்ததைத் தட்டினார். பிறகு அண்ணனையும் கூப்பிட்டார். அண்ணன் எண்ணைப் படிக்க, நான் தட்ட, அண்ணி மடிக்க, வெள்ளைக் குன்று வார்டு வார்டாகப் பிரிந்து அடுக்காகியது. நான் எழுதிய ஒன்று ஒருவருக்கு உதவுவதைக் கண்ணால் பார்த்து எத்தனையோ காலமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நிறுவனத்தின் நலனுக்கு விரோதமான சந்தோஷம் என்று தெரிந்தும் அடக்க முடியவில்லை.

ஒவ்வொரு சட்டையையும் மடிப்பதற்கு முன்னால் அண்ணி காலரைத் திருப்பி ஏதோ கிறுக்குவதைக் கவனித்தேன். புது மைப் புட்டி.

"அதான் பட்டனை வெச்சுட்டேனே அண்ணி?"

"நீ வெச்சுட்டே. உங்க ஆபீஸை நான் இன்னைக்குத்தானே பார்த்தேன்" என்றார் அண்ணி, தலை நிமிராமல்.

ஷிப்ட் மாறுவதற்கு முன்பே சட்டைகள் போய்ச் சேர்ந்தன. பெரிய நர்ஸம்மா தொலைபேசியில், "இப்பத்தான் என் கை எனக்குத் திரும்பக் கிடைச்சுது" என்றாராம். ஆஸ்பத்திரி வேலை அண்ணியிடமே தங்கியது. அண்ணி கடையை வழக்கத்தைவிடச் சீக்கிரம் சாத்திவிட்டு அண்ணனோடு எங்கோ கிளம்பினார். என்னையும் கூப்பிட்டார். அதற்குப் பெயர் மன்னிப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் அலுவலகத்தில் இழவு விழுந்த மாதிரி அமைதி. வரைபடம் திரையில் இருந்தது. கூரையைத் தொட்டுக்கொண்டிருந்த கோடு முந்தைய நாள் மாலை செங்குத்தாகத் தரையில் விழுந்திருந்தது. அம்புக்குறி சவரம்கூடச் செய்துகொள்ளவில்லை. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. என்னை நடுவில் நிற்க வைத்தார்கள்.

"நம்ம மிகச் சிறந்த வாடிக்கையாளர் நேத்துச் சாயங்காலம் காணாமப் போயிட்டாங்க. எங்கே போனாங்க?" என்றார் தலைமை.

"வீட்டுக்கு."

"ஏன்?"

"வேலை முடிஞ்சுது சார்."

"எப்படி முடிஞ்சுது?" அம்புக்குறியின் குரல் உடைந்தது. "அது முடியாத பட்டியலாச்சே?"

உண்மையைச் சொன்னேன். பட்டனை வைத்ததையும் சொன்னேன். வடிவமைப்பாளர் என்னைப் பார்ப்பதையே தவிர்த்தார். தலைமை வெகுநேரம் நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உன்னை வெளியே அனுப்ப மாட்டோம். நாமெல்லாம் ஒரே குடும்பம்" என்றார். பட்டன் அன்று மத்தியானமே மறுபடியும் நீக்கப்பட்டது. இந்த முறை நான் தொட முடியாதபடி கடவுச்சொல்லும் மாற்றப்பட்டது.

எனக்குக் கிடைத்த தண்டனை, நடந்ததைப் 'பெருங்கோளாறுகள்' பக்கத்தில் என் கையாலேயே பதிவது. தளம் முடங்கிய நாள், தகவல் அழிந்த நாள் என்று எல்லாத் துயரங்களும் வரிசையாக இருக்கும் பக்கம் அது. 'கோளாறு என்ன?' என்ற கேள்விக்கு எதிரே, மறைக்காமல், மழுப்பாமல் எழுதினேன்: "மென்பொருள் வேலை செய்தது."

தலைமை அதை இரண்டு முறை படித்தார். கடுமையான முகத்தோடு ஒப்புதல் கொடுத்துவிட்டு, கீழே தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்தார்: "இனி ஒருபோதும் இப்படி நடக்காது என்று எங்கள் வாடிக்கையாளர்களுக்கு உறுதியளிக்கிறோம்."