நாய் மாஸ்டரின் அலாஸ்கா

ஆக்லாந்தில் பனி கொட்டாது. ஆனாலும் உறைகுளிரில் ஓடும் நாயின் பாதத்துக்கு உறை மாட்டுவது எப்படி என்று சுத்தத் தமிழில் சொல்லத் தெரிந்த பதினான்கு பிள்ளைகள் தொண்ணூறுகளில் அங்கே இருந்தார்கள். உலகத்தில் வேறெந்த ஊருக்கும் இந்தப் பெருமை கிடையாது என்று அடித்துச் சொல்வேன். எல்லாம் நாய் மாஸ்டர் செய்த வேலை.

மாஸ்டர் யாழ்ப்பாணத்துக்காரர். பென்ரோஸில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். சனிக்கிழமைகளில் ஹில்ஸ்பரோவில் ஒரு வாடகை ஹாலில் எங்கள் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு எடுப்பார். மார்ச் மாத வெயிலிலும் காதை மூடும் கம்பளித் தொப்பி. பனியை அவர் படத்தில்தான் பார்த்திருந்தார்.

அலாஸ்காவில் வருஷாவருஷம் நாய்கள் பனியில் வண்டி இழுத்து ஓடும் ஆயிரம் மைல் பந்தயம் நடக்கும். அங்கே யாரோ ஒரு பள்ளிக்கூட டீச்சருக்குக் கடிதம் எழுதிச் சிநேகம் பிடித்து, ஒரு வண்டியின் நிலவரம் தினமும் ஃபேக்ஸில் வர ஏற்பாடு செய்துவிட்டார் மனுஷன்! அந்த வண்டியின் பதினான்கு நாய்களையும் பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்து, தமிழ்ப் பெயரும் வைக்கச் சொன்னார். பந்தயம் முடியும்வரை தினமும் மாலை வகுப்பு. ஒரே ஒரு சட்டம்.

“தமிழில கேட்டாத்தான் உங்கட நாய் எங்க நிக்குது எண்டு சொல்லுவன். இங்கிலீசில கேட்டா எனக்குக் காது கேளாது.”

ஒருநாள் சக்கரம் வைத்த பலகையில் அவர் ஏறி நிற்க, கயிற்றைப் பிடித்துப் பிள்ளைகள் இழுத்தார்கள். “இடப்பக்கம்!” என்று கத்தினார். பாதிப் பேர் இடப்பக்கம் போனார்கள், பாதிப் பேர் வலப்பக்கம். மாஸ்டர் மட்டும் நேராகப் பக்கத்து வீட்டு வேலிக்குள் போனார். செடிக்குள் இருந்தபடியே, “திருப்பி ஒருக்கா!” என்றார்.

பெற்றோர் கூட்டம் கொதித்தது. “படிக்க அனுப்பின பிள்ளையை நாயாக்கிப் போட்டார்!” என்றார் ஒரு அம்மா. நாய்ப் பாடத்தை நிறுத்த வேண்டும், இல்லையென்றால் வகுப்பையே மூடிவிட வேண்டும் என்று முடிவானது. பெற்றோர் சங்கத்துக்கு நான் செயலாளர் என்பதால் கடிதத்தைக் கொடுக்கும் பாவம் என் தலையில் விழுந்தது.

என் நிலைமை இன்னும் மோசம். எட்டு வயது மகள் மீனாவும் அந்தப் பதினான்கு பேரில் ஒருத்தி. எங்களிடம் அவள் ஒரு வார்த்தை தமிழில் பேசியதில்லை. நாங்கள் தமிழில் கேட்போம், அவள் இங்கிலீஷில் பதில் சொல்வாள். இந்த வகுப்பும் போனால் அவ்வளவுதான்.

சட்டைப் பையில் கடிதத்தோடு ஹாலுக்குப் போனேன். அன்றைய ஃபேக்ஸைப் பார்த்த மாஸ்டர் தொப்பியைக் கழற்றினார். ஒரு நாய் நொண்டியதால் வழியில் நிறுத்திவிட்டார்களாம். அது மீனாவின் முத்து.

மீனா எழுந்தாள். இங்கிலீஷில் ஏதோ கேட்க வாயெடுத்து நிறுத்தினாள். மாஸ்டர் காத்திருந்தார்.

“மாஸ்டர்... முத்துவுக்குக் கால் நோகுதோ? ஆர் பாக்கினம்?”

“ஓம் பிள்ளை, நோகுது. டொக்டர் பாக்கிறார். பிளேனில வீட்டுக்கு அனுப்புவினம்.”

“தனியவோ?”

“தனிய விடமாட்டினம், பிள்ளை.”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. இத்தனை வருஷம் நாங்கள் கெஞ்சியும் நடக்காததை, நான் முகம் பார்த்திராத ஒரு நொண்டி நாயை வைத்துச் செய்துவிட்டாரே!

அடுத்த கூட்டத்தில், “கடிதம் குடுத்தாச்சா?” என்று கேட்டார்கள். இல்லை என்று சொல்லி, நடந்ததை விவரித்தேன். கொதித்த அதே அம்மா, “அப்ப அடுத்த வருஷம் என்ர சின்னவளுக்கும் ஒரு நாய் தரச் சொல்லுங்கோ” என்றார்.

நாங்கள் திருநெல்வேலிக்காரர்கள். எங்கள் வீட்டில் பேசுவது வேறு தமிழ். மாஸ்டர் காலமாகிப் பல வருஷமாகிறது. மீனா இப்போதும் போனில், “சுகமா இருக்கிறியளோ அப்பா?” என்றுதான் கேட்கிறாள்.

“ஓம்” என்கிறேன்.