மனசு சரியில்லாத துப்பாக்கி

அமெரிக்காவின் மொண்டானா மாநிலத்தைச் சேர்ந்த பிட்டர்க்ரீக் வட்டாரத்தில் மக்கள் நாலாயிரம் பேர், துப்பாக்கிகள் பதினோராயிரம், மனநோயாளிகள் பூஜ்யம். வட்டாரப் போலீஸ் அதிகாரியான ஷெரிப்பின் அலுவலகச் சுவரிலேயே இதை எழுதி மாட்டியிருக்கிறார்கள். நாலாயிரம் பேரையும் தனித்தனியாக விசாரித்து, அத்தனை பேரும் "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொன்னதன் பேரில் விஞ்ஞானபூர்வமாகக் கண்டறியப்பட்ட உண்மை அது.

இப்பேர்ப்பட்ட புண்ணிய பூமியில் டுவைட் ஹால்வர்சன் என்ற மாட்டுப் பண்ணைக்காரருக்கு மனசு சரியில்லாமல் போனது. வசந்தத்தில் மனைவி ஆர்டிஸ் இறந்ததிலிருந்து தூக்கமில்லை, தொண்டையில் சோறு தண்ணி இறங்கவில்லை. யார் கண்ணிலும் படாமல் எழுபது மைல் தள்ளிப் போய் ஒரு டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்து, "குளிர்காலம் முடியும்வரை வீட்டில் துப்பாக்கி வேண்டாம், எங்கேயாவது கொடுத்து வையுங்கள்" என்றார். டுவைட்டுக்கும் தன்னை நினைத்தே உள்ளூரப் பயமாகத்தான் இருந்தது. ஆறு துப்பாக்கிகளையும் கம்பளியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஷெரிப் அலுவலகத்துக்குப் போனார்.

அங்கே இருபத்திரண்டு வருஷமாக ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் லொரேன் அம்மாள் நிமிர்ந்து பார்த்தாள்.

"கண்டெடுத்ததா, குற்றத்துல சிக்கினதா, பழுதா?"

"மூணும் இல்லம்மா. என்னோடதுதான். வசந்தம் வரைக்கும் இங்க இருக்கட்டும்."

"ஏன்?"

டுவைட் திரும்பிப் பார்த்தார். வேட்டை உரிமம் வாங்க நாலு பேர் பின்னால் நின்றிருந்தார்கள். "எனக்கு மனசு சரியில்ல" என்றார்.

நாலு பேரும் ரெண்டடி பின்னால் நகர்ந்தார்கள். ஒருவர் சுவரில் இருந்த தீயணைப்பு விதிகளை வெகு சிரத்தையாகப் படிக்கத் தொடங்கினார்.

"அதுக்கு எங்ககிட்ட ஃபாரமே இல்லியே, டுவைட்டு" என்றாள் லொரேன் மெதுவாக.

"ஒரு வெள்ளைத்தாள்ல எழுதிக்கங்களேன்."

"எழுதினா அந்தப் பூஜ்யத்தை ஒண்ணாக்கணும். அதுக்கு வட்டாரக் கமிட்டி கூடணும். அப்புறம் உங்களை ஸ்கூல் பஸ் ஓட்ட விடமாட்டாங்க. சர்ச் விருந்துல கேக் வெட்டுற கத்தியக்கூடக் கையில தரமாட்டாங்க."

"துப்பாக்கி?"

"அது உங்க உரிமையாச்சே! அதுல யாரு கைவைக்க முடியும்?"

மூட்டையைத் திரும்ப வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போக டுவைட்டுக்குத் தைரியம் இல்லை.

"அப்ப பழுதுன்னே போடுங்க. துப்பாக்கிக்கு மனசு சரியில்ல."

லொரேன் சட்டென்று பேனாவைத் திறந்தாள். "அடப் பாவமே! எப்பலேருந்து?"

"ஆர்டிஸ் போனதுலேருந்து."

"தூங்குதா?"

"ரெண்டு மணி நேரம். அப்புறம் கூரையப் பாத்துக்கிட்டுக் கெடக்கு."

பின்வாங்கிய நாலு பேரும் இப்போது நெருங்கி வந்தார்கள். ஒருவர் தொப்பியைக் கழற்றினார். இன்னொருவர் துப்பாக்கியின் கட்டையை வாஞ்சையோடு தடவி, "இதுல வெக்கப்பட என்ன இருக்கு? யாருக்கும் வரும். தனியா மட்டும் விட்டுராதீங்க" என்றார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் மத்தியானம் "துப்பாக்கிக்கு" என்று சீட்டு ஒட்டி, ஷெரிப் அலுவலகத்துக்கு மாட்டுக்கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட பதார்த்தம் ஒரு பாத்திரம் நிறைய வந்து சேர்ந்தது. நோயாளி வாய் திறந்து சாப்பிடும் நிலையில் இல்லாததால், விதிப்படி உரிமையாளரையே கூப்பிட்டுச் சாப்பிட வைத்தார்கள். டுவைட் வழித்துத் தின்றார். பல மாதத்தில் அதுதான் அவர் முழுசாகச் சாப்பிட்ட சாப்பாடு.

அடுத்த வாரம் அலுவலக வாசலில் வரிசை தெரு முனையைத் தாண்டியது.

"விவாகரத்துக்கு அப்புறம் என் துப்பாக்கி யாரோடயும் பேசறதில்லீங்க."

"என்னுது பட்டாளத்துலேருந்து வந்ததுலேருந்து பட்டாசு வெடிச்சாலே கட்டிலுக்கு அடியில போயிடுது."

"எங்க வீட்டுது எப்பவும் சிரிச்ச மொகமாத்தான் இருக்கும். அதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

முந்நூற்று நாற்பது துப்பாக்கிகள் உள்நோயாளிகளாகச் சேர்ந்தன. கமிட்டி அவசரமாகக் கூடி, "துப்பாக்கிகளின் துயரத்தை இனியும் இந்த வட்டாரம் கைகட்டி வேடிக்கை பார்க்காது" என்று ஏகமனதாகத் தீர்மானம் போட்டது. வெளியூரிலிருந்து ஆலோசகர் அம்மா ஒருத்தி வரவழைக்கப்பட்டாள். அவள் துப்பாக்கி அலமாரிக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "மனசு விட்டுப் பேசுங்க" என்று செவ்வாய்தோறும் கேட்டுக்கொண்டாள். சுவரில் பூஜ்யம் பூஜ்யமாகவே இருந்தது.

ஒரு சனிக்கிழமை டுவைட் தன் துப்பாக்கிகளை நலம் விசாரிக்கப் போனார். அவரோடு ஒரே வகுப்பில் படித்த ஷெரிப் ராய்ஸ் டன்ஸ்டாட், லொரேனைக் காப்பி வாங்க அனுப்பினார். கதவைச் சாத்தினார். இடுப்பிலிருந்த கைத்துப்பாக்கியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"இதுவும் மூணு வருஷமா சரியில்ல, டுவைட்டு. வெளியில காட்டிக்கிறதில்ல. உன்னுது எந்த டாக்டர்கிட்டக் காட்டின?"

டுவைட் விலாசத்தை எழுதிக் கொடுத்தார். ஷெரிப் அதை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, சன்னல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டுக் கேட்டார்:

"துப்பாக்கிய மட்டும் அனுப்பினாப் போதுமா, இல்ல நானும் கூடப் போகணுமா?"

"நீயும் போப்பா" என்றார் டுவைட். "அதுக்கு வண்டி ஓட்டத் தெரியாதில்ல."