இரண்டு இட்லித் தீர்மானம்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. அதன் பிறகு குறிப்பிடும்படியாக நடந்தது, தென்காசியில் எங்கள் நர்சிங் ஸ்கூல் வராந்தாவில் எடை மெஷின் வைத்ததுதான். தற்பெருமைக்காகச் சொல்லவில்லை. முதலாண்டு மாணவியர் நாற்பது பேரின் எடையைத் திங்கட்கிழமைதோறும் பதிவேட்டில் எழுதும் 'எடைப் பொறுப்பாளர்' பதவியில் சுகந்தி ஆகிய நான் இருந்தேன். ஆகவே வரலாற்றைப் பக்கத்தில் நின்றே பார்த்தவள்.

திட்டத்தின் பெயர் 'நலமிகு செவிலியர்'. எங்கள் தாளாளர் வல்லிநாயகம் அவர்களுக்கு ஒரு காலை நேரத்தில் உதித்தது. "நர்ஸே குண்டா இருந்தா சுகர் பேஷண்ட் எவன் பேச்சக் கேப்பான்?" என்றார். உடனே ஆறு பேர் கமிட்டி அமைந்தது. ஆறு பேரில் எண்பது கிலோவுக்குக் குறைந்தவர் ஒருவருமில்லை, அதனால் விஷயம் தெரிந்தவர்களின் கமிட்டி என்றே சொல்லலாம். முதல் கூட்டத்தில் நெய் மிதக்கும் கேசரியும் மெதுவடையும் பரிமாறப்பட்டன. வடை ஆறுவதற்குள் தீர்மானம் நிறைவேறிவிட்டது. அறுபது கிலோவுக்கு மேல் இருக்கும் மாணவி, ஆகஸ்டில் நடக்கும் விளக்கேற்றும் விழாவில் விளக்கைத் தொடக்கூடாது.

நர்சிங் படிப்பவளுக்கு விளக்கேற்றும் விழா சாதாரண விழா அல்ல. வெள்ளை உடுப்போடு, கையில் விளக்கோடு, பெற்றவர்கள் பார்க்க உறுதிமொழி சொன்னால்தான் அவள் தன்னை நர்ஸ் என்று நம்ப ஆரம்பிப்பாள். அதுவரை பெட்பேன் கழுவும் மாணவிதான்.

"மேடம், ஆளோட உயரத்தப் பாக்க வேண்டாமா?" என்று, தீர்மானத்தை வகுப்பில் வாசித்தபோது, என் தோழி ஜுஹைனா எழுந்து கேட்டாள். ஐந்தடி ஏழங்குலம் அவள்.

பிரின்சிபால் அனுசியா மேடம் பொறுமையாகப் பதில் சொன்னார். "உயரத்தக் கொறைக்க முடியாதும்மா. முடிஞ்சதத்தான கமிட்டி செய்யும்?"

இதைவிடத் தெளிவாக யார் சொல்ல முடியும்!

ஜுஹைனாவின் எடை அறுபத்தொன்று. நாற்பது பேரில் அறுபதைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அவளுடைய வாப்பா அப்துல் மஜீது சவூதியில், தம்மாமில் வேலை பார்க்கிறார். மகள் விளக்கேந்துவதைப் பார்க்க மூன்று வருஷம் கழித்து லீவு போட்டு, டிக்கெட்டும் எடுத்துவிட்டார். ஒரு கிலோதானே என்று நாங்கள் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. "வாப்பா அவ்வளவு தொலவட்டுல இருந்து வந்து, நான் கீழ நாக்காலில உக்காந்திருக்கதப் பாக்கவா?" என்றாள்.

திட்டம் நவீன முறையில் நடந்தது. தினமும் பத்தாயிரம் அடி நடக்கவேண்டும், போனில் உள்ள ஆப் எண்ணும். கிராமப் பயிற்சிக்காகக் கடையம் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கியே நான் நாலாயிரம் அடி நடந்திருக்கிறேன். ரோடு அப்படி. அந்த வாரத்தின் 'சிறந்த நடையாளர்' சான்றிதழ் என் பெட்டியில் இருக்கிறது.

ஜூன் பிறந்தது, சாரலும் வந்தது. அருவிக்கு அடியில் அரைமணி நின்றால் ஒரு கிலோ கரையும் என்று ஹாஸ்டலில் ஒரு மருத்துவ உண்மை பரவியது. ஞாயிற்றுக்கிழமை ஜுஹைனாவும் நானும் குற்றாலம் போனோம். பெண்கள் பக்கம் அவள் ஒன்றேகால் மணி நேரம் நின்றாள். பின்னால் வரிசை பஸ் ஸ்டாண்டைத் தொட்டது. பெண் போலீஸ் விசில் ஊதி ஊதிச் சோர்ந்தார்.

"ஏம்மா, குளிக்க வந்தியா, குடியிருக்க வந்தியா?"

"எடை கொறைய வந்தேன்க்கா."

"இங்கன நின்னு கொறயும்னா நான் ஏன் இப்பிடி இருக்கேன்? பத்து வருசமா சீசன் ட்யூட்டி பாக்குதேன்!"

திரும்பும் வழியெல்லாம் பரோட்டாக் கடைகள். கல்லில் சால்னா தெளிக்கும் சத்தம் கேட்டதும் ஜுஹைனா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு, பிணவறையைக் கடப்பவள்போல ஓடினாள். நான் ஓடவில்லை. எனக்கு ஐம்பத்திரண்டு கிலோ.

மறுநாள் எடை பார்த்தோம். அறுபத்திரண்டு கிலோ நானூறு.

அவள் மட்டுமல்ல, நாற்பது பேரும் கூடியிருந்தார்கள். நானே கூடியிருந்தேன். கமிட்டி அவசரமாகக் கூடியது. சாரலுக்கு இதமாக மிளகாய் பஜ்ஜி வந்தது. 'சாரல் காலத்தில் மாணவியர் எடை கூடுவதற்குப் பரோட்டாவே காரணம்' என்று கண்டுபிடித்து, காலை உணவை மூன்று இட்லியிலிருந்து இரண்டாக்கினார்கள். இதுவே புகழ்பெற்ற இரண்டு இட்லித் தீர்மானம். அடுத்த வாரம் மழை வலுத்தது, எடையும் குறையவில்லை. இரண்டு ஒன்றானது. ஒன்றுக்கும் கீழே போக இட்லியின் வடிவம் இடம் கொடுக்கவில்லை. சாம்பாரில் கை வைத்தார்கள்.

அந்த மாதங்களில் எங்கள் யூனிஃபார்ம் காய்ந்ததே இல்லை என்பதை இங்கே சொல்லவேண்டும். கொடியில் போட்டால் முந்தின நாளைவிட அதிகம் நனைந்து இறங்கும். அதையே மாட்டிக்கொண்டு, சொதசொதவென்ற ஷூவோடு வரிசையாக மெஷினில் ஏறுவோம். ஒவ்வொருத்தி இறங்கியதும் ஆயா மாப் போடுவார். மெஷினைச் சுற்றிக் குளம் கட்டும். குளத்துக்கு நடுவில் முக்காலி போட்டு உட்கார்ந்து, ஒரு கிராம்கூடப் பிசகாமல் நான் எழுதினேன்.

ஜுஹைனா ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தினாள். பிறகு மதியச் சாப்பாட்டையும். சீரகத் தண்ணீரில் உயிர் வாழ்ந்தாள். ஜூலைக் கடைசித் திங்களன்று அறுபது கிலோ நானூறு. "நானூறு கிராம்ட்டி!" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பதவி என்று ஒன்று இருக்கிறதே.

புதன்கிழமை வார்டு ட்யூட்டி. ஐந்தாம் கட்டிலில் சிவனணைந்தபெருமாள் அண்ணாச்சி, சுரண்டைக்காரர், ரிட்டயர்டு ஏட்டு. காலில் சுகர் புண். தலையணைக்குக் கீழே அவர் பதுக்கி வைத்திருந்த கால் கிலோ அல்வாவைக் காலையில்தான் ஜுஹைனா பறிமுதல் செய்து, தன் கோட்டுப் பையில் போட்டிருந்தாள். பதினொரு மணிக்கு அவருக்கு பிரஷர் பார்க்கப் பட்டையைச் சுற்றினாள். காற்றை ஏற்றினாள். பிறகு அப்படியே அவர் மடியில் சாய்ந்துவிட்டாள்.

புண்காலோடு அண்ணாச்சி எழுந்தார். நாங்கள் ஓடி வருவதற்குள் அவளைத் தன் கட்டிலில் படுக்க வைத்து, பட்டையைத் தன் கையிலிருந்து கழற்றி அவள் கையில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, காலைல சாப்ட்டியா?" ஏட்டு விசாரணையை ஆரம்பித்தார்.

"ஒரு இட்லி அண்ணாச்சி..."

"நேத்து ராத்திரி?"

"சீரகத் தண்ணி..."

"நேத்து மத்தியானம்?"

அதற்கும் அதே தண்ணீர்தான். அண்ணாச்சி அவள் கோட்டுப் பையில் கைவிட்டு அல்வாப் பொட்டலத்தை எடுத்தார். பிரிக்கப்படாமல் இருந்தது. அதைப் பார்த்ததும் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. "மடியில அல்வாவ வச்சிக்கிட்டு மயங்கி விழுதா பாரு!" என்று வார்டே கேட்கச் சொல்லிவிட்டு, விரலால் கிள்ளிக் கிள்ளி ஊட்டினார். ஒரு வாய்க்கும் மறுவாய்க்கும் நடுவில் தன் விரலை அவர் நக்கிக்கொண்டதை நான் எங்கும் பதிவு செய்யவில்லை.

டாக்டர் வந்து குளுக்கோஸ் ஏற்றினார். ஈர உடுப்பைக் கழற்றி, காய்ந்த ஆஸ்பத்திரி அங்கியை மாட்டி எடை பார்த்தார்கள். ஐம்பத்தேழு கிலோ அறுநூறு.

திங்களன்று நான் எழுதியது அறுபது கிலோ நானூறு. அவளுடைய யூனிஃபார்மையும் ஷூவையும் அள்ளிக்கொண்டு போய் வராந்தா மெஷினில் வைத்தேன். இரண்டு கிலோ எழுநூறு! பிரின்சிபாலிடம் ஓடினேன்.

"மேடம், இத்தன நாளும் நாம துணிக்கு எடை பாத்திருக்கோம்!"

மேடம் வந்து மெஷினைப் பார்த்தார். "சுகந்தி, விழா முடியட்டும்" என்றார்.

கமிட்டி கூடியது. அன்று அல்வா. 'ஐம்பத்தேழு கிலோ அறுநூறு' என்ற மருத்துவமனைச் சீட்டைப் பார்த்துக் கைதட்டினார்கள். திட்டம் மாபெரும் வெற்றி! முதல் விளக்கை ஜுஹைனாவே ஏற்றுவாள் என்று அறிவித்தார்கள். அவள் கட்டிலில் கிடந்த படமே பேனரிலும் வந்தது. குளுக்கோஸ் பாட்டிலை மட்டும் வெட்டிவிட்டார்கள்.

விழா நாளன்று முன்வரிசையில் அப்துல் மஜீது. மேடையில் நாற்பது வெள்ளைக் கோட்டு, நாற்பது விளக்கு. ஜுஹைனா முதல் விளக்கை ஏற்றியதும் தாளாளர் உணர்ச்சிவசப்பட்டு அவளுடைய வாப்பாவை மேடைக்கு அழைத்து, மைக்கைக் கையில் கொடுத்தார்.

"நலமிகு செவிலியரைப் பெற்ற தந்தை ரெண்டு வார்த்தை பேசணும்!"

அவர் மகள் பக்கம் திரும்பினார். மூன்று வருஷம் கழித்து மகளின் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறார். கன்னத்தைத் தொட்டார். மைக் வாய்க்கு நேராக இருந்ததை மறந்துவிட்டார்.

"ஏம்மா... சாப்ட்டியா?"

மண்டபம் முழுக்கக் கேட்டது. ஜுஹைனா வாய் திறப்பதற்குள், ஒத்திகை பார்த்த உறுதிமொழியைவிடச் சுத்தமாக, மற்ற முப்பத்தொன்பது பேரும் ஒரே குரலில் சொன்னோம்.

"இல்ல வாப்பா!"

விளக்குகள் ஆடின. தாளாளர் கைதட்ட எடுத்த கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் நின்றார்.

நோயாளியிடம் காலையில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி 'சாப்பிட்டீங்களா' என்பதுதான் என்று அனுசியா மேடம் எங்களுக்கு முதல் வகுப்பிலேயே சொல்லித் தந்திருக்கிறார். அந்தக் கேள்வியை எங்களிடம் கேட்க ஒரு சுகர் நோயாளியும் ஒரு தம்மாம்காரரும் வேண்டியிருந்தது. எங்கள் பதிவேட்டில் உயரத்துக்குக் கட்டம் இருக்கிறது, எடைக்கு இருக்கிறது, இடுப்புக்கும் இருக்கிறது. சாப்பாட்டுக்குக் கட்டம் இல்லை. ஸ்கேல் வைத்து, நேராக, அழகாக அந்தப் பதிவேட்டுக்குக் கோடு போட்டவள் நான்தான்.