பல்செட்டார் பெட்டி மீட்ட படலம்

வாழ்க பல்செட்டார்! கடித்தலையும் மெல்லுதலையும் மறந்த வாய்களுக்கு மறுவாழ்வு தந்த மாவள்ளல், மெழுகைக் குழைத்து வெண்முத்து வரிசை வனையும் வித்தகர், பல் மருத்துவர் அச்செடுத்து அனுப்பினால் மூன்றே நாளில் தாடை செய்து தரும் தாளாளர், அரைக்கைச் சட்டைப் பையில் நான்கு பேனாவும் அதன் பின்னால் அளவற்ற துணிவும் தாங்கிய அந்த ஐம்பத்திரண்டு வயது வீரர் நீடு வாழ்க! விமானப் பயணத்தைப் பாதியில் துறந்து, தம் பெட்டியைப் பகைவர் வயிற்றிலிருந்து அவர் மீட்ட பெரும்போரைப் பாட இந்தப் பேனா போதாதுதான். ஆனாலும் கையில் இருப்பது இது ஒன்றே.

பல்செட் செய்வோர் ஆண்டுக்கொருமுறை கூடும் கண்காட்சிக்கு நாற்பது மாதிரித் தாடைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டு, இரண்டு விமானம் மாறிச் செல்லப் புறப்பட்டார் நம் தலைவர். அங்கே மூன்றாண்டு மன்றாடிப் பெற்ற கடை ஒன்று அவருக்குக் காத்திருந்தது. வாசலுக்கு நேரே அமைந்தது. முதல் விமானம் பிற்பகல் இரண்டரை மணிக்கு அவரை நடுவூரில் இறக்கியது. அடுத்தது நான்கு மணிக்கு. அந்த நடுவூரில்தான் அவருடைய அக்கா இருந்தார். பேருந்து நிலையத்தில் முப்பத்தோராண்டுகளாக ஒலிபெருக்கியை ஆண்ட அறிவிப்பரசி. கைப்பேசியை உயிர்ப்பித்த கணமே அது அலறியது.

"தம்பி, என் பல்செட்டு காலையில ரெண்டா உடைஞ்சுபோச்சுடா. இன்னிக்கு எனக்குக் கடைசி டூட்டி. ஆறு மணிக்கு ஒரே ஒரு அறிவிப்பு, அதோட மைக்கைக் குடுத்துடுவேன். இந்தப் பொக்கை வாயை வெச்சுக்கிட்டு என்னத்தைப் பேசுறது? புதுசு உன்கிட்டதானே இருக்கு?"

இருந்தது. திரும்பும் வழியில் கொடுத்துக்கொள்ளலாம் என்று, அதை நாற்பதோடு நாற்பத்தொன்றாகப் பெட்டிக்குள் வைத்திருந்தார். வேறு எவரும் சொந்த அக்காவின் பல்லைக் கைப்பையில் பத்திரமாக ஏந்தி வருவர். பல்லையே பார்த்துப் பார்த்துச் சலித்த தொழிலாளி மட்டுமே அதைச் சரக்கோடு சரக்காகக் கட்டுவார். அந்தப் பெட்டியோ கடைசி ஊரின் பெயர் பொறித்த சீட்டைக் கழுத்தில் சுமந்து, கண்காணாத சுரங்கப் பாதைகளில் அடுத்த விமானத்தை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

"வர்றேங்க்கா," என்று வாக்களித்துவிட்டார். வாக்களித்த பின்புதான் பெட்டி தம் கையில் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.

கைப்பையைக் கேடயமாக்கி, சக்கரப் பெட்டிகளின் தேர்ப்படையை இடமும் வலமும் பிளந்து, குழந்தை வண்டிகள் இரண்டைத் தாண்டி, வரிசையில் முன்னால் நின்ற பதினொருவரையும் பொறுமை என்னும் ஒரே படைக்கலத்தால் வென்று, விமான நிறுவனத்தின் முகப்பு மேசையை அவர் எய்தியபோது மணி மூன்றேகால். அங்கே, கழுத்தில் பட்டுத்துண்டும் இதழில் மாறாப் புன்னகையும் அணிந்து, கணினிக் கோட்டைக்குப் பின்னால் வீற்றிருந்தாள் மேசைக்காரப் பெண். அந்தப் புன்னகையில் மோதி எத்தனையோ மாவீரர்கள் மண்ணைக் கவ்வியிருந்தார்கள்.

"பெட்டி நேரா கடைசி ஊருக்குத்தான் சார் போகும். நடுவுல எடுக்க முடியாது."

பல்செட்டார் கெஞ்சினார். புன்னகை அசையவில்லை. மேலாளரைக் கேட்டார், மேலாளரும் அதே புன்னகையோடு வந்தார். அப்போதுதான், தோல்வி தோளில் கைபோட்டு நின்ற அந்த நொடியில், அவர் சித்தத்தில் ஒரு மின்னல் வெட்டியது.

"நான் ஏறலைன்னா?"

புன்னகை முதன்முறையாக நடுங்கியது. "ஆள் ஏறலைன்னா பெட்டியை இறக்கித்தான் சார் ஆகணும். ஆள் இல்லாம பெட்டி பறக்காது. ஆனா உங்க திரும்புற டிக்கெட்டும் அதோட போயிடும், நல்லா யோசிச்சுக்கோங்க."

யோசித்தார். வாசலுக்கு நேரே உள்ள அந்தக் கடை ஒருமுறை கண்ணில் வந்து போனது. உண்மையாகவே வலித்தது. பிறகு, சின்ன வயதில் அவருக்குப் பால்பல் ஆடியபோதெல்லாம் நூல் கட்டி ஒரே இழுப்பில் பிடுங்கி, அழாதே என்று சொல்லிவிட்டுத் தானும் சேர்ந்து அழுத அக்காவை நினைத்தார். நான்கு பேனாவும் அதிர நிமிர்ந்தார்.

"உலகே கேள்! நான் ஏறமாட்டேன்!"

உலகு கேட்டது, பக்கத்து வரிசை திரும்பியும் பார்த்தது. பணியாளர் நால்வர் விமானத்தின் அடிவயிற்றில் புகுந்து, பெட்டிமேல் பெட்டி புரட்டி, கருங்கடல்போல் கிடந்த கரும்பெட்டிகளுக்கிடையே பச்சைத் துணிக் கிழிசல் கட்டிய ஒன்றைத் தேடினர். விமானம் இருபத்தைந்து நிமிடம் தாமதமானது. நூற்று அறுபது பயணியர் முகம்தெரியாத ஒருவரை வாயாரத் திட்டினர். அந்த ஒருவரோ, உருளும் பட்டையின் ஓரத்தில் ஒற்றைக்காலை மாற்றி மாற்றி நின்று தவம் செய்துகொண்டிருந்தார்.

நாலேமுக்காலுக்குப் பெட்டி வந்தது, பாதுகாப்பு அதிகாரி ஒருவரின் துணையோடு. ஊடுகதிர்க் கருவியின் திரையில் தாம் கண்ட காட்சியால் அவர் முகம் வெளிறியிருந்தது.

"என்னங்க இது உள்ள?"

"பல்லுங்க."

"யாரோடது?"

"நாப்பது செட்டு யாரோடதும் இல்லைங்க. ஒண்ணு எங்க அக்காவோடது."

திறக்கச் சொன்னார். நாற்பத்தொரு தாடைகளும் அதிகாரியைப் பார்த்துச் சிரித்தன. எது அக்காவுடையது என்று தேட நம் தலைவருக்கு ஒரு நொடியும் ஆகவில்லை. மற்றவை எல்லாம் குறையற்ற வரிசைகள். அக்காவின் முன்பல் இரண்டுக்கும் நடுவே மட்டும் ஒரு நெல் நுழையும் இடைவெளி. பிறவியில் அவருக்கு அமைந்த இடைவெளி அது. வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியும் தம்பி விட்டு வைத்தது. அதிகாரிக்கு என்ன தோன்றியதோ, பெட்டியைத் தாமே மூடிக் கொடுத்தார்.

வாடகைக் காரில் பாய்ந்து, சிவப்பு விளக்குகள் ஏழையும் பல்லைக் கடித்துப் பொறுத்து, பேருந்து நிலையத்தின் இரும்புப் படிகளில் பெட்டியோடு ஏறி, பல்செட்டார் அறிவிப்பறையின் கதவைத் தள்ளியபோது மணி ஐந்து ஐம்பத்தெட்டு. அக்கா துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அமர்ந்திருந்தார். வாங்கினார், கழுவினார், மாட்டினார். கைக்கண்ணாடியில் அந்த இடைவெளியைப் பார்த்தார். கண் கலங்கியது.

"கொஞ்சம் இறுக்குதுடா," என்றார்.

பிறகு ஒலிவாங்கியை இழுத்தார். முப்பத்தோராண்டு முழக்கமெல்லாம் ஒன்றுதிரண்டு, புத்தெயிற்று வரிசையில் பட்டுத் தெறித்து, எட்டு நடைமேடைகளும் எதிரொலிக்க, ஓட்டுநரும் நடத்துநரும் தேநீர்க் குவளையோடு அண்ணாந்து நிற்க, ஓர் எழுத்தும் பிசகாமல் எழுந்தது அந்தக் கடைசி அறிவிப்பு:

"பதினேழாம் நம்பர் பஸ் இன்னிக்கு வராது."