கம்பத்தைப் பற்றி யாரும் பேசவில்லை

நகராட்சி வண்டி ஒன்று காலையில் கிளம்ப மறுப்பது சாதாரண விஷயம்தான். ஆனால் அது நகராட்சி வண்டி என்பதால், மறுப்பதற்கான காரணத்தை முறைப்படி ஆராய்ந்து, கருத்தொற்றுமையுடன் ஒரு முடிவுக்கு வந்த பிறகே யாரும் அதன்மேல் கை வைக்க முடியும். வடக்கு ஸ்வீடனில் கிரான்ட்ரெஸ்க் நகராட்சிக்காக இந்த விதியை எழுதிய மேதை நான்தான். பெயர் ருட்கர். பதவி, எரிசக்திச் சிக்கன ஒருங்கிணைப்பாளர்.

அந்தப் பதவியின் ஆயுள் மாதக் கடைசியோடு முடிகிறது. வண்டி மறுத்த நாளன்று பிற்பகல் லூலியோ நகரில் பசுமை விருது விழா. முதல் பரிசு எங்களுக்கு. நேரில் போய் வாங்காவிட்டால் அது அடுத்த ஊருக்குப் போய்விடும். விருது வந்தால் என் பதவி நீடிக்கும்; வராவிட்டால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். இந்த வயதில் எனக்குச் சிக்கனத்தைத் தவிர வேறொரு தொழிலும் தெரியாது.

விருது எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் குளிர்காலத்தில் காரைச் சும்மா நிறுத்திவிட்டுப் போக மாட்டோம். மாட்டைக் கட்டுத்தறியில் கட்டுவதுபோல, காரின் மூக்கிலிருந்து ஒரு வயரை இழுத்துப் பக்கத்திலுள்ள மின்கம்பத்தில் செருகுவோம். எஞ்சின் கதகதப்பாக இருக்கும், காலையில் பேசாமல் கிளம்பும். நகராட்சி வளாகத்தில் அந்தக் கம்பங்கள் அத்தனைக்கும் மின்சாரத்தை நிறுத்தியதுதான் என் சாதனை. விருது அதற்குத்தான்.

அன்று காலை குளிர் மைனஸ் முப்பத்தொன்று. சாவியைத் திருப்பினேன். எஞ்சின் ஒருமுறை முனகிவிட்டு அடங்கிப்போனது. காரணம் எனக்கு அந்த நொடியே புரிந்துவிட்டது. ஆகவே தாமதிக்காமல் ஆய்வுக் குழுவைக் கூட்டினேன்.

குழு என்றால் என் மேலதிகாரி குன்னெல், பணிப் பாதுகாப்பு அலுவலர் சிக்ஸ்டன், நான். எங்கள் நாட்டில் மேலதிகாரியையும் பெயர் சொல்லி, வா, போ என்றுதான் பேசுவோம். எல்லாரும் சமம். அதனால் எதற்கும் யாரும் பொறுப்பில்லை.

"என்னப்பா ருட்கர், வண்டி என்ன சொல்லுது?" என்றாள் குன்னெல்.

"ஒண்ணும் சொல்ல மாட்டேங்குது. அதான் பிரச்சினையே."

"சரி, பதறாம ஆளுக்கு ஒண்ணா மனசுல பட்டதைச் சொல்லுவோம். யாரும் யாரையும் குத்தம் சொல்லக் கூடாது. சிக்ஸ்டன், நீ ஆரம்பி."

சிக்ஸ்டன் காரை ஒரு சுற்று சுற்றி வந்தான். "டீசல் இருக்கா?"

"டேங்க் நிறைய இருக்கு."

"பேட்டரி?"

ஹார்னை அழுத்தினேன். வளாகமே அதிர்ந்தது.

"உயிர் இருக்கு," என்றான் சிக்ஸ்டன். "சாவி இந்த வண்டியோடதுதானே?"

"வேற வண்டி நம்மகிட்ட ஏதுடா?"

அப்போது அவன் பார்வை காரின் முன்பக்கம் போனது. பழக்கதோஷத்தில் யாரோ வயரைக் கம்பத்தில் ஒழுங்காகச் செருகி வைத்திருந்தார்கள். கம்பத்தின் சின்ன விளக்கு அணைந்து கிடந்தது. அதன்மேல் நானே ஒட்டிய பச்சை இலைப் படம். சிக்ஸ்டன் அதைப் பார்த்தான். குன்னெல் பார்த்தாள். நானும் பார்த்தேன். பிறகு மூன்று பேரும் வானத்தைப் பார்த்தோம்.

"இந்த வருஷம் பனி நல்லாவே பேஞ்சிருக்கு, இல்ல?" என்றாள் குன்னெல்.

"பின்ன? சறுக்கி விளையாட அருமையா இருக்கும்," என்றேன்.

ஒருவர் செய்த தப்பை அவர் முகத்துக்கு நேரே சொல்வது, எங்கள் ஊரில் அவர் வீட்டுக்குள் செருப்போடு நுழைவதற்குச் சமம். தவிர, கம்பத் திட்டத்தில் மூன்று பேருமே கையெழுத்துப் போட்டிருந்தோம்.

ஆய்வை உள்ளே போய், காபியோடும் இலவங்கப்பட்டை போட்ட பன்னோடும் தொடர்ந்தோம்.

"இன்னொரு கார்லேர்ந்து பேட்டரிக்கு வயர் குடுத்துப் பார்த்தா?" என்றாள் குன்னெல்.

"அதுக்குப் பாதுகாப்பு வகுப்பு முடிச்சவங்கதான் செய்யணும்," என்றான் சிக்ஸ்டன்.

"வகுப்பு யாரு எடுக்கிறது?"

"நான்தான். ஆனா நானே இன்னும் முடிக்கல."

"அப்போ பேசாம என் கார்லயே போயிடுவோமே!"

"சொந்தக் கார்ல ஆபீஸ் வேலையாப் போகக் கூடாதுன்னு விதி இருக்கு குன்னெல்."

"எந்த மடையன் எழுதினான் அதை?"

"நான்தான்."

"நல்ல விதிதான்," என்றாள் அவள் உடனே.

அவள் கார் மட்டும் காலையில் எப்படிக் கிளம்பியது என்று யாரும் கேட்கவில்லை. மூன்று பேருமே வீட்டில் ராத்திரி முழுக்கச் செருகி வைத்திருந்தோம். நான் இரண்டு கம்பளம் வேறு போர்த்தியிருந்தேன்.

சிக்ஸ்டன் யோசித்து யோசித்துப் பேசினான். "இந்த வண்டி போன வருஷம் ஒரு நாள்கூட லீவு எடுக்கலை. ஒருவேளை வேலைப்பளுவோ?"

குன்னெல் இதைப் பரிவோடு கேட்டுக்கொண்டாள். இப்போதெல்லாம் எங்கள் அலுவலகத்தில் வேலைப்பளு என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாரும் தலையைச் சாய்த்துக்கொள்வது வழக்கம். வண்டிக்கு ஓய்வு கொடுப்பதா, ஆலோசனை கொடுப்பதா என்று கொஞ்ச நேரம் விவாதித்தோம். இரண்டாவது சுற்றுக் காபி முடிந்தபோது ஒருமனதாக முடிவு வந்தது. காரணம், குளிர். அது வெளியிலிருந்து வந்தது. அதன்மேல் நகராட்சிக்கு எந்த அதிகாரமும் இல்லை.

எல்லாருக்கும் மனம் லேசாகிவிட்டது. நான் மட்டும் கடிகாரத்தைப் பார்த்துவிட்டேன். இனிமேல் வண்டிக்கு இறக்கை முளைத்தாலும் லூலியோ போய்ச் சேர முடியாது. விருது போச்சு, வேலை போச்சு. ஒரு கம்பத்தின் பெயரைச் சொல்லக் கூச்சப்பட்டே என் சோற்றில் நான் மண்ணைப் போட்டுக்கொண்டேன். வெட்கமாகவும் இருந்தது, ஆத்திரமாகவும் இருந்தது. போவதுதான் போகிறது, உண்மையைச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று எழுந்தேன்.

"குன்னெல், அந்தக் கம்பம் இருக்கே..."

கைப்பேசி அடித்தது. விருது நடுவர் குழுத் தலைவி ஹெட்விக்.

"ருட்கர், மன்னிச்சுக்கோப்பா. விழாவைத் தள்ளிவெச்சிருக்கோம். எங்க வண்டி கிளம்ப மாட்டேங்குது."

"உங்க வண்டியுமா?"

"ரெண்டாவது பரிசு, மூணாவது பரிசு ஊர்க்காரங்க வண்டியும்தான். சுத்துவட்டாரம் முழுக்க உன் திட்டத்தைத்தானே பண்ணியிருக்கோம். பிரமாதமான திட்டம்!"

"ஏன் கிளம்பலைன்னு கண்டுபிடிச்சீங்களா?"

"டீசல் சரியில்லைன்னு ஒரு பேச்சு. டிரைவருக்கு ராசியில்லைன்னு ஒரு பேச்சு. இன்னும் பேசிட்டுத்தான் இருக்கோம். நீங்க?"

"நாங்க குளிர்னு முடிவு பண்ணிட்டோம்."

"அடேயப்பா, அதுக்குள்ளயா!" அவள் குரலில் மெய்யான வியப்பு. "இந்த மாதிரித் தெளிவான ஆளுதான் எங்களுக்கு வேணும். வட்டாரம் முழுக்க வண்டிங்க ஏன் நிக்குதுன்னு நீயே விசாரிச்சுச் சொல்லேன். மூணு வருஷப் பதவி. முழுச் சம்பளம். சம்மதமா?"

"ஏதோ கம்பம்னு சொன்னியே, என்னது?" என்று குன்னெல் சாடையில் கேட்டாள். ஒன்றுமில்லை என்று கையை ஆட்டினேன்.

அப்படித்தான் வட்டார வாகன நிறுத்தக் காரண ஆய்வாளர் ஆனேன். இருபது நகராட்சிகளின் பிரதிநிதிகளும் முதல் கூட்டத்துக்குப் பஸ்ஸிலும் ரயிலிலும் வந்து சேர்ந்தார்கள். நேரடிக் கள ஆய்வை ஜூன் மாதத்தில், வெயில் நன்றாக அடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம் என்றேன். ஒருவர்கூட எதிர்க்கவில்லை.