மூக்கில்லாத கோமாளி

ஜெனி, பிரவீன், இரண்டு பேரும் கேளுங்கள். போன ஞாயிற்றுக்கிழமை பக்கத்து வீட்டுப் பிறந்தநாளுக்கு வந்த கோமாளியைப் பார்த்து நீங்கள் தரையில் உருண்டு சிரித்தீர்கள். "அப்பா, நீ மட்டும் ஏம்பா சிரிக்கவே இல்ல?" என்று வரும் வழியெல்லாம் கேட்டீர்கள். கோமாளி என்றாலே எனக்கு வேறொருவர் முகம்தான் முன்னால் வந்து நிற்கிறது. படப்பையிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் வரைக்கும் சல்லடை போட்டுச் சலித்தாலும் அவரைப் போலச் சிரிப்பே வராத கோமாளி கிடைக்க மாட்டார். அழுகிற குழந்தையிடம் அவரைக் காட்டினால், அது ஒரு நிமிஷம் சந்தேகமாகப் பார்த்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து அழுகையைத் தொடரும்.

எங்கள் கம்பெனியில் அவருக்கு ரிஜெக்ட் என்று பெயர். அப்பா அம்மா வைத்த பெயர் ஐடி கார்டில் அச்சாகியிருந்தது. அதைப் படித்தவர் யாரும் இல்லை. நாங்கள் கார் கதவின் உள்பக்கத்துக்கு பிளாஸ்டிக் பலகை செய்கிறோம். லைன் முடியும் இடத்தில் குவாலிட்டி மேசை. அதற்குப் பின்னால் இவர். ஆள் குள்ளம் என்பதால் மேசைக்கு மேலே ஒரு வழுக்கையும் ஒரு மூக்குக் கண்ணாடியும் மட்டும் தெரியும். நல்ல பலகைக்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டி அதன்மேல் கையெழுத்துப் போட வேண்டும். கையெழுத்து இல்லாத பச்சை செல்லாது. கோளாறு இருந்தால் வட்டமான சிவப்பு ஸ்டிக்கர். பச்சை ஒட்டும்போது சொந்த நிலத்தை எழுதிக் கொடுப்பவர் போல அவர் முகம் சுருங்கும். சிவப்பு ஒட்டும்போதுதான் அதில் கொஞ்சம் ரத்தம் ஓடும்.

சரி, வேலையோடு விட்டாரா? கேன்டீனில் வடையைத் தூக்கி டியூப் லைட்டுக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்ப்பார்.

"ஓட்டை நடுவுல இல்லியே மாஸ்டர்."

"ண்ணா, நீ துன்னப் போறது வடையையா, ஓட்டையையா?" என்பார் மாஸ்டர்.

எங்கள் லைனில் ஒருவனுக்கு வல்லக்கோட்டைக் கோயிலில் கல்யாணம். மாலை மாற்றிய கையோடு இவர் போய் மாப்பிள்ளையின் காதில் ஏதோ சொன்னார். வாழ்த்துகிறார் என்று நினைத்தோம். "ரெண்டு மாலையும் ஒரே நீளம் இல்லப்பா, உன்னுது ஒரு சாண் கம்மி" என்று சொல்லியிருக்கிறார். கல்யாண ஆல்பம் முழுக்க அந்த மாப்பிள்ளை குனிந்து தன் மாலையையே பார்த்துக்கொண்டிருக்கிறான்.

இவர் கோமாளி ஆனது சீட்டுக் குலுக்கலில். கம்பெனியில் சமூக சேவை நாள் என்று ஒன்று வைத்து எங்களை பென்னலூர் பக்கம் ஓர் இல்லத்துக்குக் கூட்டிப் போனார்கள். வயதானவர்களும் பக்கவாதம் வந்தவர்களும் தங்கியிருக்கும் இடம், கன்னியாஸ்திரிகள் நடத்துகிறார்கள். ஆளுக்கொரு நிகழ்ச்சி செய்ய வேண்டும் என்று சீட்டெடுத்தோம். இவருக்கு வந்தது கோமாளி. மற்றவர்கள் ஆளுக்கொரு பாட்டைப் பாடி, பேனரோடு போட்டோ பிடித்துக்கொண்டு, பிரியாணிப் பொட்டலத்தோடு பஸ் ஏறினோம். சமாசாரம் அன்றோடு முடிந்தது என்பது இவருக்கு மட்டும் விளங்கவில்லை. அடுத்த ஞாயிறும் போனார். அதற்கடுத்த ஞாயிறும் போனார்.

வேஷத்தைக் கேளுங்கள். நைட்டித் துணியில் தைத்த மஞ்சள் பூப்போட்ட ஜிப்பா. காலில் கம்பெனி சேஃப்டி ஷூ. தலையில் வலைத் தொப்பி, கழுத்தில் ஐடி கார்டு. கோமாளிக்கு முக்கியமான சிவப்பு மூக்கு மட்டும் கிடையாது.

"கடையில வித்தது சரியான உருண்டை இல்லப்பா. வாணான்ட்டேன்."

ஜோக் சொல்வதற்கு முன்னால், "இப்ப சொல்லப் போறது ஜோக்கு. கடைசி வரில சிரிக்கணும்" என்று விளக்கம் கொடுப்பார். கடைசி வரி வந்ததும், "இதான் கடைசி வரி" என்பார். அதற்குள் முன்வரிசையில் பாதிப் பேர் தூங்கியிருப்பார்கள். தூங்காதவர்கள், தூக்கம் வராத வியாதிக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள்.

ஒரு ஞாயிறு பலூனில் நாய் செய்தார். இட்லிக் கடை நடத்தி ஓய்ந்த புஷ்பம்மா அந்த இல்லத்தில் இருந்தார். வாய் மட்டும் ஓயவில்லை.

"இன்னாயா இது? நாயா, பாவக்காயா?"

இவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நாயைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கரெக்டுதாம்மா. தலையும் வாலும் ஒரே சைசு. ரிஜெக்டு." பையிலிருந்து ஒரு சிவப்பு ஸ்டிக்கரை எடுத்து நாயின் மேல் ஒட்டினார்.

"நாய் இன்னாயா பண்ணுச்சு, பாவம்! செஞ்சவன் நீதான? குடு அத்த இங்க!" புஷ்பம்மா ஒரு ஸ்டிக்கரைப் பிடுங்கி அவர் கன்னத்தில் பளாரென்று ஒட்டினார்.

அந்தக் கூடம் அன்றைக்குத்தான் சிரித்தது. எழுந்திரு, படு, வாயைத் திற, சிந்தாதே என்று நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பவர்கள் அவர்கள். குற்றம் சொல்வதற்கென்றே ஒருவன் ஜிப்பா போட்டு வந்தால் விடுவார்களா? அன்று முதல் நிகழ்ச்சியே அதுதான். இவர் எதையாவது தப்பாகச் செய்வார். அதற்கு இவர் மெனக்கெடவே வேண்டாம். ஆளாளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அம்மை போட்டவர் போல ஸ்கூட்டரில் வீட்டுக்குப் போவார். ஸ்டிக்கர் எல்லாம் படப்பைக் கடையில் சொந்தக் காசில் வாங்கியது. "கம்பெனி ஸ்டிக்கரு மெயின் கேட்டத் தாண்டக் கூடாதுப்பா."

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? நீங்கள் அப்போது சின்னப் பிள்ளைகள். உங்கள் பெரியப்பா அங்கேதான் இருந்தார். படப்பைக்கும் ஒரகடத்துக்கும் நடுவே ஷேர் ஆட்டோ ஓட்டிய மனிதர். பக்கவாதம் அவருடைய வலது கையையும் பாதிப் பேச்சையும் கொண்டுபோய்விட்டது. உங்கள் அம்மாவுக்கும் எனக்கும் ஷிப்ட் வேலை. பகலில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல் அங்கே சேர்த்திருந்தோம்; ஞாயிறுதோறும் நான் போய்ப் பார்ப்பேன். இல்லத்துக்கு வரும் பிசியோதெரபி மேடம் ஒரு மஞ்சள் பந்தைக் கையில் வைத்து, "அழுத்துங்க சார், தூக்குங்க சார்" என்று கெஞ்சுவார். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். "இப்பப் பழக்கலன்னா கை இப்படியே நின்னுடும் சார். அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது" என்று மேடம் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நான் போய்ச் சொன்னதற்குப் பெரியப்பா ஒரே வார்த்தைதான் பேசினார்.

"வித்துடு." ஆட்டோவைச் சொன்னார்.

இந்த நிலையில் இருப்பவர் முன்னால்தான் நம் கோமாளி போய் விறைப்பாக நின்றார். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு ஸ்டிக்கரை வைத்தார். பெரியப்பா இடது கையால் எடுத்தார். இவர் ஒரு அடி பின்னால் போனார்.

"லெப்ட்டு செல்லாது. எங்க கம்பெனில ரைட்டுதான்."

சைடு கொடுக்காத லாரிக்காரனைப் பார்ப்பது போல பெரியப்பா அவரைப் பார்த்தார். அப்புறம் அந்த வலது கையை மூட்டை இழுப்பது போல இழுத்து, ஸ்டிக்கரை அவர் ஷூவின் மேல் போட்டார்.

"ஷூ. ஓகே," என்று சொல்லிவிட்டு இவர் அடுத்த ஆளிடம் போய்விட்டார். ஒரு சபாஷ் இல்லை, ஒரு கைதட்டல் இல்லை. கல் மனசு.

சில வாரம் கழித்து ஸ்டிக்கர் முழங்காலுக்கு ஏறியது. அப்புறம் ஜிப்பாவின் ஓரம். அப்புறம் வயிறு. ஒவ்வொரு தடவையும் பெரியப்பாவுக்கு வியர்த்து ஊற்றும். இந்த மனிதர் கொடிக்கம்பம் மாதிரி நிற்பார். எனக்குப் பொறுக்கவில்லை.

"ண்ணா, கொஞ்சம் குனிஞ்சா இன்னா? முதுகுல கம்பி கிம்பி வெச்சிகீறியா?"

"குனிஞ்சா நானே ஒட்டிக்கினா மாரி ஆவும்பா."

"ஆனா இன்னா இப்ப?"

"செல்லாது."

ஒரு ஞாயிறு ஜிப்பாவின் மேல்பையை எட்டப் போன பெரியப்பா சக்கர நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். உதடு கிழிந்துவிட்டது. சிஸ்டர் ஓடி வந்து, "இந்த விளையாட்டு இனிமே வேணாம். இவர்கிட்ட நீங்க வராதீங்க" என்று சொல்லிவிட்டார். நானும் சும்மா இருக்கவில்லை.

"உன் கூத்துக்கு எங்கண்ணன்தான் கெடச்சாரா? சிரிக்க வெக்கத் தெரில, உனுக்கு எதுக்கு இந்த வேசம்?"

உடம்பெல்லாம் சிவப்புப் பொட்டோடு அவர் நின்றார். "கரெக்டுதாம்பா. சிரிக்க வெக்கத் தெரில," என்றார். போய்விட்டார்.

வெட்கமுள்ளவன் அத்தோடு நின்றிருப்பான். இவர் அடுத்த வாரமும் வந்தார். பெரியப்பா பக்கம் திரும்பாமல், கூடத்தின் அந்தக் கோடியில் நின்று வழக்கமான ஜோக்குகளால் ஜனங்களைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தார்.

"ரி... ஜெக்டு!"

கூப்பிட்டது பெரியப்பா. சிஸ்டர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பெரியப்பா அவரை முறைத்துக்கொண்டே, சக்கர நாற்காலியின் பெல்ட்டை இடது கையால் இழுத்து இடுப்பில் மாட்டினார். வாழ்நாளில் ஒரு விதியையும் மதிக்காத ஷேர் ஆட்டோ டிரைவர் தானாக பெல்ட் போட்டதை அன்றுதான் பார்த்தேன். சிஸ்டர் பெருமூச்சு விட்டு, நாற்காலியைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

ரிஜெக்ட் வந்து நின்றார். குனியவில்லை. பெரியப்பாவின் வலது கை கிளம்பியது. வயிற்றைத் தாண்டியது. மேல்பையைத் தாண்டியது. தோளுக்கு மேலே போய், அவர் மூக்கில் ஸ்டிக்கரை அழுத்தியது.

புஷ்பம்மா கைதட்டினார். கூடமே தட்டியது. நம் ஆள் என்ன செய்தார் தெரியுமா? போனை எடுத்து, கேமராவில் தன் மூக்கைப் பார்த்தார்.

"நடுவுல இல்லியே. கொஞ்சம் லெப்ட்ல தள்ளி கீது."

"அடப்பாவி!" என்றார் புஷ்பம்மா.

பெரியப்பா ஒரு வார்த்தை சொன்னார். அதை உங்களிடம் சொல்ல முடியாது. சிஸ்டர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். ஆனால் பக்கவாதம் வந்த நாளிலிருந்து அவ்வளவு தெளிவாக அவர் எதையும் பேசியதில்லை. பேசிவிட்டுக் கையை மறுபடி தூக்கினார். மேடம் எத்தனை கெஞ்சியும் ஒன்று சேராத கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து, ஸ்டிக்கரைக் கிள்ளி எடுத்து, மூக்கின் நட்டநடுவில் ஒட்டின.

"ஓகே," என்றார் ரிஜெக்ட். அடுத்த ஆளிடம் போய்விட்டார். அன்றுதான் பார்ப்பதற்குக் கோமாளி மாதிரி இருந்தார்.

ஆட்டோ ஓட்டும் அளவுக்குக் கை வரவில்லை; விற்றுவிட்டோம். ஆனால் சோற்றைத் தானே பிசைந்து சாப்பிடும் அளவுக்கு வந்தது. பெரியப்பா வீட்டுக்கும் வந்துவிட்டார். பிரவீன், வீட்டுப்பாடம் எழுதாவிட்டால் உன் காதைத் திருகுகிறதே, அதே கைதான்.

அந்த ஞாயிற்றுக்கு மறுநாள் ரிஜெக்ட் என் பலகைகளில் பாதியைச் சிவப்பு ஒட்டித் திருப்பி அனுப்பினார். உங்கண்ணன் எப்படி இருக்காரு என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஷிப்ட் முடிந்து எல்லாரும் போன பிறகு நான் பைக் ஸ்டாண்டுக்குப் போனேன். அவருக்கு அன்று ஓவர்டைம்; அவருடைய ஸ்கூட்டர் மட்டும் நின்றது. படப்பைக் கடையில் காலையிலேயே வாங்கி வைத்திருந்த பச்சை ஸ்டிக்கரை அதன் பின்பக்கம் ஒட்டினேன். கொஞ்சம் கோணலாகத் தெரிந்தது. பிரித்து, நடுவில் பார்த்து மறுபடி ஒட்டினேன். பிறகு பேனாவை எடுத்து அதன்மேல் என் கையெழுத்தைப் போட்டேன். இல்லையென்றால் அந்த மனிதர் அதையும் செல்லாது என்று சொல்லிவிடுவார்.