இரண்டு சைஸ் பெரிய சக்கரம்

என் பழைய காருக்குப் பெரிய சக்கரம் போடுவது, அதையும் மனைவியைக் கேட்காமலே போடுவது என்று உறுதியாகத் தீர்மானித்தேன். அந்தத் தீர்மானத்துக்கு அவள் சம்மதிப்பாளா என்று கேட்கத்தான் சமையலறைக்குப் போனேன்.

காரைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். நானும் அதுவும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள். இரண்டு பேருக்குமே காலையில் கிளம்பச் சற்று நேரமாகும். வெளிநாட்டு வேலையை விட்டுத் திரும்பியதும் நான் முதலில் வாங்கியது அதைத்தான். அடுத்து அதற்கொரு ஷெட் கட்டினேன். காரை நிறுத்தி, உடம்புக்கு அளவெடுப்பதுபோல் அளவெடுத்து, சுற்றிலும் சுவர் எழுப்பினேன். ஷட்டரை முழுக்கத் தூக்கினால் காரின் கூரைக்கு மேலே இரண்டு விரல் இடைவெளி இருக்கும். உள்ளே ஓட்டும்போதெல்லாம் என்னையறியாமல் தலையைக் குனிந்துகொள்வேன்.

அந்த ஷெட்டின் மேல் என் மனைவிக்குக் கண். அங்கே தையல் வகுப்பு நடத்தவேண்டுமாம்.

"கார் தெருவுல நிக்கட்டுமே. அதுக்கென்ன சளியா பிடிக்கப்போகுது?" என்பாள்.

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் அசைந்து கொடுக்கவில்லை. வீட்டின் மற்ற அறைகள் எல்லாம் அவள் ஆட்சி. எனக்கென்று இருந்தது அந்த ஷெட் ஒன்றுதான். அதிலும் கார் போக மிச்சமிருந்த இடத்தில் நான் பக்கவாட்டில்தான் நடக்கமுடியும். இருந்தாலும் என் இடம்.

"காருக்குப் பெரிய வீல் போடலாம்னு..." என்று இழுத்தேன். வரப்போகும் வசவுக்குத் தயாராகக் கதவைப் பிடித்துக்கொண்டேன்.

"போடுங்களேன்" என்றாள்.

ஆடிப்போனேன். கதவைப் பிடித்திருந்தது நல்லதாயிற்று.

"நிஜமாவா சொல்றே?"

"பின்னே? இப்ப இருக்கற வீலைப் பார்த்தா, பெரிய மனுஷன் குழந்தை செருப்பை மாட்டிக்கிட்டு நடக்கற மாதிரி இருக்கு. எவ்வளவு பெரிசா போடப்போறீங்க?"

"ஒரு சைஸ் கூட..."

"ஒரு சைஸா? செய்யறதுதான் செய்யறீங்க, ரெண்டு சைஸ் பெரிசா போடுங்க. டயரும் நல்லா குண்டா இருக்கட்டும். எதையாவது துணிஞ்சு செஞ்சிருக்கீங்களா நீங்க?"

கல்யாணமான நாளிலிருந்து 'குறைச்சுக்குங்க' என்ற சொல்லை மட்டுமே கேட்டுப் பழகிய காது இது. சாப்பாடு, தூக்கம், பேச்சு, எல்லாவற்றிலும் குறைச்சுக்குங்க. முதல் முறையாக ஒன்றைக் கூட்டச் சொல்கிறாள்! இத்தனை வருடம் இவளைத் தப்பாகப் புரிந்துகொண்டு விட்டோமே என்று என்னையே நொந்துகொண்டேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார்.

"சார், இவ்வளவு பெரிசு போட்டா ஒடிச்சுத் திருப்பும்போது மட்கார்டுல உரசும்."

"உரசட்டும். வீட்டுல சொல்லிட்டாங்க."

"அப்படியா? முதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று உடனே ஜாக்கியை எடுத்தார். அவரும் கல்யாணமானவர்.

வார இறுதியில் வண்டியை எடுக்கப் போனேன். எக்கி நின்று எட்டிப் பார்ப்பதுபோல் நின்றது. என்ன கம்பீரம்!

"பழைய வீல் எங்கே?"

"அதை மேடம் காலையிலயே ஆள் அனுப்பி எடுத்துக்கிட்டாங்களே."

பத்திரப்படுத்தத்தான் எடுத்திருக்கிறாள். என்ன அக்கறை!

ஒவ்வொரு திருப்பத்திலும் டயர் மட்கார்டில் உரசி 'கிறீச்' என்று கத்த, தெருவே திரும்பிப் பார்த்தது. அதை நான் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். வீட்டு வாசலில் நிறுத்தி, இறங்கி, ஷட்டரைத் தூக்கினேன்.

உள்ளே நாலு தையல் மெஷின். நடுவில் துணி வெட்டும் மேசை. அதைச் சுற்றி நாலு பெண்கள். கழுத்தில் டேப்போடு என் மனைவி.

"இது... என்ன இது?"

"தையல் வகுப்புங்க."

"கார்?"

"அது எப்படிங்க இனி உள்ளே வரும்? ரெண்டு விரல்தானே இடம் இருந்துச்சு. இப்ப வண்டி நாலு விரல் உசந்திருக்கே."

"அளந்தியா?"

"அளக்கறவ கிட்ட கேக்கற கேள்வியா இது?"

அவள் கணக்கு சரிதான். ஆனாலும் விடவில்லை.

"டயர்ல காத்தை இறக்கிட்டு உள்ளே விட்டுடுவேன்!"

"விடுங்க. திரும்ப வெளியே எடுக்க, வாயால ஊதுவீங்களா?"

பெண்கள் தலையைக் குனிந்துகொண்டு குலுங்கினார்கள்.

"சரி. நாளைக்கே பழைய வீலை மாட்டிடறேன். எங்கே அது?"

அவள் கண்ணால் கீழே காட்டினாள். மேசைக்குக் கீழே பார்த்தேன். ஒவ்வொரு பெண்ணும் ஒரு சக்கரத்தின் மேல், பூப்போட்ட மெத்தை போட்டு, சௌகரியமாக உட்கார்ந்திருந்தாள். மெத்தைக்கு உறை தைத்து நாடாவும் கட்டியாகிவிட்டது.

அவள் என் தோளில் ஒட்டியிருந்த தூசியைப் பரிவோடு தட்டிவிட்டாள்.

"டிக்கியில ஸ்டெப்னி ஒண்ணு இருக்குமேங்க, அதையும் எடுத்துக் குடுங்க. நாளையிலேருந்து இன்னொரு பொண்ணு வருது."